தலையில் ஏறாத குடம்

"உங்க வீட்டுக்காரர் சர்வீஸ் நம்பர் சொல்லுங்கம்மா."

வேலூரில் இருந்த படைவீரர் நல அலுவலகத்தில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி அதுதான். எழுபதுகளின் நடுப்பகுதி. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் தலையைத் தூக்காமலே கேட்டார். அங்கே வருகிறவர்கள் இரண்டே வகை. கைத்தடி ஊன்றி வரும் முன்னாள் சிப்பாய்கள் ஒரு வகை. சிப்பாயை இழந்துவிட்டு வரும் பெண்கள் இன்னொரு வகை. நான் புடவை கட்டியிருந்தேன், கழுத்தில் தாலி இல்லை. அவருக்கு அதற்கு மேல் யோசிக்க எதுவும் இருக்கவில்லை.

"வீட்டுக்காரர் இல்ல," என்றேன்.

"புரியுதும்மா. தவறிப் போய் எவ்ளோ நாளாச்சு?"

"எனக்குக் கல்யாணமே ஆகல. நம்பர் என்னோடது. எழுதிக்குங்க. கேப்டன், ராணுவ நர்சிங் சர்வீஸ்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு சட்டென்று எழுந்தார். எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அவர் ஓய்வு பெற்ற சுபேதார். கை தானாக நெற்றிக்குப் போனது. "மன்னிச்சுக்குங்க மேடம்," என்றார். அதற்குப் பிறகு வந்த வருடங்களில் அந்த அலுவலகத்தில் எனக்கென்று இருந்த ஒரே மனிதர் அவர்தான். ஆனால் அன்று அவர் எடுத்துக்கொடுத்த படிவத்திலும் 'மனைவியின் பெயர்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் பேனாவை அழுத்தி ஒரு கோடு இழுத்தேன்.

நான் கேட்கப் போனது ஊனமுற்றோருக்கான படைச் சேவை ஓய்வூதியம். என் கழுத்தெலும்பு கெட்டுப்போனது பட்டாளத்தில். பட்டாளமோ அப்படியில்லை என்று எழுதி என்னை வீட்டுக்கு அனுப்பியிருந்தது.

நடந்தது இதுதான்.

எழுபத்தொன்றாம் வருடப் போரின்போது கிழக்கு எல்லையை ஒட்டிய ஒரு ராணுவ ஆஸ்பத்திரியில் இருந்தேன். நோயாளிகளைத் தூக்கிச் சுமக்கும் ஆர்டர்லிகளில் பெரும்பாலோரைப் போர்முனைக்கு அனுப்பிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் மிஞ்சியது டாக்டர்களும் எங்களைப் போன்ற சிஸ்டர்களும் சமையல்காரர்களும்தான். ஒரு மத்தியானம் லாரிகள் வரிசையாக வந்து வாசலில் நின்றன. அடிபட்டவர்களை இறக்க ஆள் இல்லை. யாரும் உத்தரவு போடவில்லை. நாங்களே போய் நின்றோம்.

லாரியின் பின்பலகை என் தோள் உயரம் இருந்தது. டிரைவர் மேலே நின்று ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக் கொடுப்பார். கீழே நானும் இன்னொரு சிஸ்டரும் வாங்கி இறக்குவோம். அப்படிப் பலரை இறக்கிவிட்டோம். பலகை முழுக்க ரத்தம். ஒரு ஸ்ட்ரெச்சரைத் தள்ளும்போது டிரைவரின் பூட்ஸ் வழுக்கியது. தலைப்பக்கம் மொத்தமாக என் மேல் சரிந்தது. அதில் கிடந்தவன் நல்ல வாட்டசாட்டமான பஞ்சாபி. விட்டிருந்தால் தலைகுப்புற விழுந்திருப்பான். நான் விடவில்லை. ஸ்ட்ரெச்சரின் கட்டை என் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இறங்கியது. உள்ளே காய்ந்த சுள்ளி முறிகிற மாதிரி ஒரு சத்தம். எனக்கு மட்டும் கேட்டது.

அவனைத் தரையில் பத்திரமாக இறக்கினோம். பிழைத்தானா என்று தெரியாது. அதற்குள் அடுத்த லாரி வந்துவிட்டது.

போர் முடிந்தது. என் கழுத்துக்கு முடியவில்லை. முதலில் தோளில் வலி. பிறகு கை முழுக்க எறும்பு ஊர்வது போல. பிறகு வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போயின. ஒருநாள் ஆபரேஷன் அறையில் கருவிகள் வைத்த தட்டு என் கையிலிருந்து நழுவியது. பிடித்துக்கொண்டிருப்பதாகத்தான் நான் நினைத்திருந்தேன். படுக்கையில் படுக்க வைத்து, தலையில் பட்டை மாட்டி, எடை கட்டித் தொங்கவிட்டு இழுத்தார்கள். கழுத்துக்குக் காலர் போட்டார்கள். எதுவும் உதவாமல் கடைசியில் மெடிக்கல் போர்டு முன்னால் நிறுத்தினார்கள்.

போர்டில் இருந்த டாக்டர் வடக்கத்திக்காரர். மரியாதையாகத்தான் பேசினார். எந்த ஊர் என்று கேட்டார். திருவண்ணாமலை பக்கம் கிராமம் என்றேன். விவசாயக் குடும்பமா என்றார். ஆமாம் என்றேன்.

"அப்படியென்றால் சின்ன வயதில் தலையில் தண்ணீர்க் குடம் சுமந்திருப்பீர்கள்."

"இல்லை சார். நான் டவுனில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தவள்."

அவர் சிரித்தார். கிராமத்துப் பெண் கூச்சத்தில் மறைக்கிறாள் என்று நினைத்திருப்பார். என்னவோ எழுதினார். அது என்னவென்று பின்னால் தெரிந்தது. 'சேவையில் சேர்வதற்கு முன்பே தலைச்சுமை தூக்கும் பழக்கம் இருந்தது. கழுத்தெலும்புத் தேய்மானம் உடல்வாகினால் வந்தது. படைச் சேவைக்குத் தொடர்பில்லை.' லாரியும் ஸ்ட்ரெச்சரும் எங்கேயும் இல்லை. அன்று யாரும் விபத்து அறிக்கை எழுதவில்லை. எழுதாதது நடக்காதது.

அடி அண்ணாமலையில் அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். மலையைச் சுற்றிப் போகிற பாதையிலிருந்து கொஞ்சம் உள்ளே, வேர்க்கடலை போட்ட மணிலாக் கொல்லையை ஒட்டி வீடு. அப்பா அம்மா இல்லை. அண்ணன், அண்ணி, அவர்களுடைய வயல், மாடுகள். அண்ணி என்னைவிடக் கொஞ்சம் பெரியவள். பள்ளிக்கூடம் போகாதவள், வாய் நீளமானவள். ஊரில் என்னைப் பற்றிப் பேசாத வீடு இல்லை. கல்யாணம் ஆகாமல் பட்டாளத்தில் இருந்தவள், கழுத்தில் பட்டை போட்டுக்கொண்டு திரும்பி வந்தவள் என்றால் கேட்க வேண்டுமா? அண்ணிதான் எல்லோருக்கும் பதில் சொன்னாள். "அவ கழுத்துல தாலி இல்லனு அழுவுறீங்களா, பட்டை இருக்குதுனு அழுவுறீங்களா? எதுக்குன்னு சொல்லிட்டு அழுவுங்கடி."

கழுத்தை இழுத்துவிட ஆஸ்பத்திரியில் செய்தது போல வீட்டிலும் செய்ய வேண்டும் என்று நான் சொன்னதும், அண்ணி கிணற்றடியில் சும்மா கிடந்த பழைய ராட்டினத்தைக் கொண்டுவந்து நடைக் கூரையின் குறுக்குக் கட்டையில் கட்டினாள். எருமைக்குப் போடும் பட்டைக் கயிற்றில் பழைய புடவையைச் சுற்றி என் தாடைக்கு மாட்டினாள். இன்னொரு முனையில் சாக்குப் பை, அதற்குள் செங்கல். நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார, பை மெல்ல இறங்க, கழுத்து மெல்ல நீளும். வருகிறவர்கள் போகிறவர்கள் வாசலில் நின்று பார்ப்பார்கள். தூக்கில் தொங்குகிறவள் பேச மாட்டாள். நான் தொங்கிக்கொண்டே அவர்களுக்குப் பதில் சொல்வேன்.

முதல் அப்பீலை அந்த நாற்காலியில் இருந்தபடிதான் யோசித்தேன். கழுத்து இழுபட்டுக்கொண்டிருக்கும்போது வாக்கியங்கள் நன்றாக வந்தன. எழுதினேன், சுபேதார் முத்திரை குத்தி அனுப்பினார். ஒரு வருடத்துக்கு மேல் ஆகிப் பதில் வந்தது. நிராகரிக்கப்பட்டது. காரணம், முன்பு சொன்ன அதே வரி: சேவையில் சேர்வதற்கு முன் தலைச்சுமை பழக்கம்.

அண்ணி முற்றத்தில் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். "இன்னாம்மா எழுதிக்கிறாங்க?" என்றாள்.

தமிழில் சொன்னேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"குடமா? நீயா? நீ ஒரு சொம்பு தூக்கினதை நான் பாத்ததில்ல. கல்யாணமாகி வந்த நாள்லேருந்து இந்த வீட்டுக்குத் தண்ணி நான் எடுக்கறேன். அப்ப எனக்குத்தான கழுத்து போயிருக்கணும்?" என்று கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெடுக்கென்று திருப்பிக் காட்டினாள். "அது மட்டுமா? நம்மூர்ல எவ தலைல குடம் வெக்கிறா? இடுப்புல வெப்போம். இடுப்புல வெச்சா கழுத்து எப்படிம்மா தேயும்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் கழுத்து வலிக்கும். இருந்தாலும் சிரித்தேன். எங்கள் வழக்கத்தில் குடம் ஏறுகிற இடம்கூடத் தெரியாத ஒருவர் என் குழந்தைப் பருவத்தை எழுதிவிட்டார். அதை மேலே இருந்தவர்கள் வேதவாக்கு மாதிரி நம்புகிறார்கள்.

அண்ணன் இதையெல்லாம் விரும்பவில்லை. கெட்டவர் இல்லை, பயந்தவர். "கவர்மெண்டோட மோதி யாரு ஜெயிச்சாங்க? நீ சோத்துக்கா கஷ்டப்படறே? நான் போடறேன், சும்மா இரு," என்றார்.

"நீ போடறதை நான் சாப்பிடறேன்ணா. அது வேற. அவங்க பொய் எழுதி வெச்சிருக்காங்க. அது வேற," என்றேன்.

இரண்டாவது அப்பீலுக்குச் சாட்சி வேண்டும் என்றார் சுபேதார். அன்றைக்கு அங்கே இருந்த யாராவது ஒருவர். என்னோடு ஸ்ட்ரெச்சர் பிடித்த சிஸ்டர் கல்யாணமாகி வெளிநாடு போய்விட்டாள். எழுதிய கடிதங்கள் முகவரி இல்லை என்று திரும்பி வந்தன. டிரைவரின் பெயரே எனக்குத் தெரியாது. நாள் ஓடியது. நான் டவுனில் வீடு வீடாகப் போய் ஊசி போட ஆரம்பித்தேன். செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் வாடகை அறை எடுத்துத் தங்குகிற வயதானவர்கள் நிறையப் பேர். அங்கே மருந்துக் கடை வைத்திருந்த பாய், ஊசி வேண்டும் என்று வருகிறவர்களை என்னிடம் அனுப்புவார்.

அப்படி ஒருநாள் பாய் சொன்னார்: "மாடி ரூம்ல ஒரு பெரியவர் வந்துருக்காரும்மா. ரத்தச்சோகை. ஒருநாள் விட்டு ஒருநாள் ஊசி. காலைல பேச மாட்டாரு, மௌனம். சாயங்காலம் போங்க."

போனேன். கயிற்றுக் கட்டில், ஒரு கோரைப்பாய், ஒரு மண்பானை. வெள்ளை வேட்டியில் மெலிந்த மனிதர். மொட்டை அடித்திருந்தார். முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. போர் நடந்த வாரங்களில் எங்கள் ஆஸ்பத்திரியில் கத்தி பிடித்த சர்ஜன். அப்போது கர்னல். முகமூடிக்கு மேல் தெரியும் அந்தப் புருவத்தை மறக்க முடியாது. அவருக்கு என்னைத் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை. சாட்சி கேட்பதற்குமுன் ஆளைப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

சில தடவை போய் வந்த பிறகு அவரே கேட்டார்.

"இடது கையாலதான் ஊசி போடுவீங்களா?"

"ஆமா சார்."

"பிறவியிலேர்ந்தா?"

"இல்ல சார். வலது கைல ரெண்டு விரல் மரத்துப் போச்சு. அதுல ஊசி பிடிச்சா உங்களுக்குத்தான் ஆபத்து."

என் கையை வாங்கினார். கட்டைவிரலை மடக்கச் சொன்னார். ஊசி மூடியின் முனையால் அங்கங்கே தொட்டார். கழுத்தைத் திருப்பச் சொல்லிப் பார்த்தார். மௌனம், மொட்டை, வெள்ளை வேட்டி எல்லாம் எங்கேயோ போய், கட்டிலில் ஒரு சர்ஜன் உட்கார்ந்திருந்தார்.

"கழுத்துல நரம்பு நசுங்கியிருக்கு. அடிபட்டதா? எங்க வேலை பார்த்தீங்க?"

ஆஸ்பத்திரியின் பெயரையும் போர் நடந்த மாதத்தையும் சொன்னேன். அவர் என் கையை விட்டுவிட்டார்.

"அந்த ஊரைப் பத்தி இங்க பேச வேண்டாம்," என்றார்.

அடுத்த தடவை போனபோது நான் பேசினேன். லாரி, ரத்தம், பஞ்சாபி, குடம், நிராகரிப்பு எல்லாவற்றையும் சொன்னேன். சாட்சிக் கடிதம் வேண்டும் என்று கேட்டேன்.

"சிஸ்டர், உங்களை எனக்கு ஞாபகமே இல்ல. பார்க்காததைப் பார்த்தேன்னு எழுத மாட்டேன்."

"பொய் கேக்கல சார். அன்னைக்கு நிலைமை எப்படி இருந்துதுனு எழுதினா போதும்."

அவர் கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தார். "நான் அதையெல்லாம் விட்டுட்டு இங்க வந்திருக்கேன். நீங்களும் விடுங்க. வலி உடம்போடது. நீங்க உடம்பு இல்ல. அதை விசாரிச்சுப் பாருங்க, கேஸ் தானா முடிஞ்சுடும்."

'நான் யார்' என்று விசாரிக்கச் சொல்லும் அந்தப் பேச்சு இந்த ஊரில் பிறந்தவளுக்குப் புதிதில்லை. கடைத்தெருவில் காய் விற்கிறவள்கூடச் சொல்லுவாள். மற்ற நேரமாக இருந்தால் தலையாட்டிவிட்டுப் போயிருப்பேன், எனக்கு ஆட்ட முடிகிற அளவுக்கு. அன்று முடியவில்லை.

"நான் உடம்பு இல்லைன்னே வெச்சுக்கலாம் சார். என்னை வேலைக்கு எடுத்தப்ப அவங்க பார்த்தது உடம்பைத்தான். எடை பார்த்தாங்க, உயரம் பார்த்தாங்க, பல்லைக்கூடப் பார்த்தாங்க. ஆத்மாவை ஒருத்தரும் பரிசோதிக்கல. எடுத்தது உடம்பு, கெட்டது உடம்பு. அந்த உடம்புக்கு என்ன ஆச்சுனு எழுதுறதுல உங்க விசாரணை கெட்டுப்போகுமா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஸ்பிரிட் விளக்கை அணைத்துக் கண்ணாடி ஊசியைப் பெட்டியில் வைத்தேன். வாசலுக்கு வந்தும் கோபம் அடங்கவில்லை.

"இந்த ஊசி எதுக்குச் சார் போட்டுக்கறீங்க? இதுவும் உடம்புக்குத்தானே?"

படி இறங்கும்போதுதான் பயம் வந்தது. பெரிய மனிதரிடம் அதிகம் பேசிவிட்டேன் என்று இல்லை. கிடைத்த ஒரே சாட்சியையும் நானே அடித்துத் துரத்திவிட்டேனோ என்றுதான். அண்ணியிடம் சொன்னேன். அவள் கேழ்வரகுக் களி கிண்டிக்கொண்டே, "கேட்டது நியாயம்தான? போறாரு வுடு," என்றாள்.

வேறு ஆளை அனுப்பச் சொல்லுவார் என்று நினைத்தேன். பாய் கடைக்குப் போனபோது, "மாடி ரூம்ல உங்களத்தான் வரச் சொல்றாரு," என்றார்.

அறைக்குள் போய் ஊசியைக் கொதிக்க வைத்தேன். அவரே ஆரம்பித்தார். குரல் தணிந்திருந்தது.

"ஆர்டர்லிங்களை முன்னாடி அனுப்பின உத்தரவுல நானும் கையெழுத்துப் போட்டேன். ஆஸ்பத்திரில ஆள் இல்லனு எனக்குத் தெரியும். ஆனா மேசைக்கு ஆளுங்க வந்துகிட்டே இருந்தாங்க. ஒருத்தரை முடிச்சா அடுத்தவர் மேசையில இருப்பாரு. யார் தூக்கிட்டு வந்து போட்டாங்கனு நான் கேக்கவே இல்ல. இந்த ரெண்டு நாளா அதைத்தான் விசாரிச்சேன்."

இடது கையால் ஊசியை ஏற்றினேன்.

"உங்களைப் பார்த்தேன்னு எழுத மாட்டேன். தூக்க ஆள் இல்ல, சிஸ்டர்ஸ்தான் தூக்கியிருக்கணும், வேற யாரும் அங்க இல்ல, அதை எழுதுறேன். இப்ப இருக்கிற காயம், மேலேர்ந்து பளு விழுந்தா வரக்கூடியது, அதையும் எழுதுறேன். போதுமா?"

"போதும் சார்."

கடிதத்தை எழுதி முடிக்கும் இடத்தில், விட்டுவிட்டு வந்ததாகச் சொன்ன பதவியையும் எண்ணையும் சேர்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அந்தக் கடிதத்தோடு இரண்டாவது அப்பீல் போனது. இந்த முறை நிராகரிக்கவில்லை. சென்னையில் புதிய மெடிக்கல் போர்டு முன்னால் வரச் சொல்லி உத்தரவு வந்தது. எண்பதுகள் பிறந்திருந்த சமயம்.

கிளம்புவதற்கு முன் வேலூருக்குப் போனேன். சுபேதார் தலையைச் சொறிந்தார். "மேடம், தப்பா நெனைக்காதீங்க. போர்டுக்குப் போற பசங்களுக்கு நான் சொல்றதுதான். கழுத்தைத் திருப்பவே திருப்பாதீங்க. கூப்பிட்டா உடம்போட திரும்புங்க. தொட்டா முகத்தைச் சுளிங்க. ஜாஸ்தி வேணாம், கொஞ்சம்."

"எனக்கு இருக்கிற வலியே போதும் சுபேதார் சாப். நடிக்க வேற வேணுமா?"

"இருக்கிறவங்களுக்குத்தான் மேடம் காட்டத் தெரியல. அதனால சொன்னேன்."

அவர் சொன்னதில் உண்மை இருந்தது. ஆனாலும் நான் அப்படிப் போகவில்லை. வெளுத்துக் கஞ்சி போட்ட புடவை கட்டி, காலரைப் போட்டுக்கொண்டு, பஸ் குலுக்கிய குலுக்கலில் பல்லைக் கடித்துக்கொண்டு, துணைக்கு வந்த அண்ணியின் தோளில் சாயாமல் நிமிர்ந்தே போய்ச் சேர்ந்தேன்.

போர்டில் மூன்று டாக்டர்கள். காலரைக் கழற்றச் சொன்னார்கள். சுத்தியலால் முழங்கையில் தட்டினார்கள். பஞ்சால் தொட்டார்கள். திரும்பச் சொன்ன அளவுக்குத் திரும்பினேன், முடியாத இடத்தில் நின்றேன். தலைமை டாக்டர் தமிழ் தெரிந்தவர். கோப்பைப் புரட்டினார்.

"சின்ன வயசுல குடம் தூக்கினதா இருக்கே?"

"எழுதினவரோட கற்பனை சார். எங்க ஊர்ல குடம் இடுப்புல ஏறும், தலையில ஏறாது. நான் இடுப்புலயும் ஏத்தினதில்ல. என் அண்ணி வெளியில உட்கார்ந்திருக்காங்க. அந்த வீட்டுக்கு இத்தனை வருஷமா தண்ணி எடுத்தவங்க. வேணும்னா அவங்க கழுத்தையும் படம் எடுத்துப் பாருங்க."

ஓரத்தில் இருந்த இளைய டாக்டர் குனிந்துகொண்டார். தலைமை டாக்டர் சிரிக்கவில்லை.

"அடிபட்டதும் ஏன் ரிப்போர்ட் பண்ணல? நீங்க நர்சு. அதோட முக்கியத்துவம் உங்களுக்குத் தெரியாதா?"

இந்தக் கேள்விக்கு நான் எந்தப் பதிலும் தயார் செய்து போகவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"வார்டு ரிஜிஸ்டர் என் கிட்டதான் சார் இருந்தது. அன்னைக்கு அதுல கால் போனவங்க, கண் போனவங்க பேர் எழுதிக்கிட்டிருந்தேன். அவங்க பேருக்குக் கீழ என் கழுத்துவலியை எழுதச் சொல்றீங்களா? எழுதாதது என் குத்தம்னா, அந்தக் குத்தத்தை இன்னைக்கும் செய்வேன்."

தலைமை டாக்டர் கோப்பை மூடினார். பிறகு, "நீங்க போகலாம் கேப்டன்," என்றார். அத்தனை வருடமாக வந்த பதில்களில் என்னை 'மனுதாரர்' என்றுதான் குறிப்பிட்டு வந்தார்கள். அவர் ஒருவர்தான் பதவி சொல்லிக் கூப்பிட்டார்.

வெளியே வந்ததும் அண்ணி, "இன்னா சொன்னாங்க?" என்றாள்.

"போகச் சொன்னாங்க."

"அவ்ளோதானா? இதுக்கா இம்மாந்தூரம்?" என்று அலுத்துக்கொண்டு, கட்டிக்கொண்டு வந்திருந்த புளிச்சோற்றை அங்கேயே ஒரு வேப்ப மரத்தடியில் பிரித்தாள். இரண்டு பேரும் சாப்பிட்டோம். நல்ல பசி.

பதில் வர மாதங்கள் ஆயின. வந்தபோது சுபேதாரே அதை எடுத்துக்கொண்டு திருவண்ணாமலைக்கு வந்துவிட்டார். ஊனம் ஏற்கப்பட்டது. ஓய்வூதியம் உண்டு. அண்ணன் அந்தக் காகிதத்தை வாங்கி, படிக்கத் தெரிந்தும் படிக்காமல் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான்தான் அதை முழுக்கப் படித்தேன். ஒரு வரியில் நின்றேன். 'கழுத்தெலும்புத் தேய்மானம் உடல்வாகினால் ஏற்பட்டது. படைச் சேவையால் அது மோசமானது.'

"மோசமானது," என்றேன். "அப்படின்னா முன்னாடியே இருந்துச்சா?"

சுபேதார் என் முகத்தைப் பார்த்தார். "மேடம், சேவையால் வந்ததுன்னு எழுதினாலும் இதே பென்ஷன்தான். மோசமானதுன்னு எழுதினாலும் இதேதான். ஒரு பைசா ஜாஸ்தி கம்மி கிடையாது."

"பைசாவை நான் பேசல. வார்த்தையைப் பேசறேன். வந்ததுனு எழுதணும்."

"வெறும் வார்த்தைக்கா இன்னொரு அப்பீல்?"

அண்ணன் எழுந்து மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டார். அங்கிருந்து மாட்டைத் திட்டும் சத்தம் கேட்டது.

மாடி அறைப் பெரியவரிடம் சொல்ல வேண்டுமே என்று மறுநாள் போனேன். அவசரத்தில் காலையிலேயே போய்விட்டேன். மௌன நேரம். காகிதத்தை மட்டும் நீட்டினேன். படித்தார். என்னைப் போலவே அந்த வரியில் நின்றார். நெற்றி நரம்பு புடைத்தது.

"மோசமானதா?" என்று கத்தினார். கீழே தெருவில் போனவர்கள் நிமிர்ந்து பார்த்திருப்பார்கள். "யார் எழுதினது இது? நல்லா இருந்த கழுத்துல ஸ்ட்ரெச்சரைப் போட்டு முறிச்சுட்டு மோசமானதா? விடாதீங்க. எழுதுங்க!"

கத்தி முடித்த பிறகுதான் அவருக்கு மௌனம் ஞாபகம் வந்தது. வாயைக் கையால் மூடிக்கொண்டார். நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு கொஞ்ச காலம் இருந்தார், உடம்பு தேறவில்லை, மகள் வந்து அழைத்துப் போய்விட்டாள். பிறகு அவரைப் பற்றித் தகவல் இல்லை.

எழுதினேன். ஒரே ஒரு சொல்லை மாற்றக் கேட்டு மூன்றாவது அப்பீல். மேலிடம் இந்த முறை சீக்கிரமாகவே பதில் அனுப்பியது. மனுதாரருக்கு உரிய பலன் கிடைத்துவிட்டதால் மேற்கொண்டு பரிசீலிக்க எதுவும் இல்லை. வழக்கு முடிக்கப்பட்டது.

பலன். நான் கேட்டது பலன் இல்லை, நடந்ததை நடந்ததாகச் சொல்ல வேண்டும் என்பதுதான். பலனைக் கொடுத்து வாயை அடைத்துவிடலாம் என்று நினைத்தவர்களுக்கு அது புரியவில்லை. அண்ணன், "இப்பவாவது முடிஞ்சுதா?" என்றார். "அவங்களுக்கு முடிஞ்சுது," என்றேன்.

அந்த வாரம் அண்ணி என் தாடைப் பட்டையில் செங்கல் பையை மாட்டிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள். நான் மடியில் பலகை வைத்துக்கொண்டு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே எழுத ஆரம்பித்தேன். மனு இல்லை. கோரிக்கை எதுவும் இல்லை. அன்று மத்தியானம் லாரிகள் வந்தது முதல் கடைசி ஸ்ட்ரெச்சரை இறக்கியது வரை என்ன நடந்ததோ அது. மேலே நின்ற டிரைவரின் முகம், கூட நின்ற சிஸ்டர் அழுதுகொண்டே தூக்கியது, அந்தப் பஞ்சாபி என்னை அக்கா முறை வைத்து 'பெஹன்ஜி, பெஹன்ஜி' என்று முனகியது, எலும்புக்குள் கேட்ட சத்தம். இடது கையில் எழுதப் பழகியிருந்த கோணல் எழுத்திலேயே எழுதினேன். யாரையும் விட்டுத் திருத்தி எழுதிக்கொள்ளவில்லை. ஐயா, தயவுசெய்து, பணிவுடன் போன்ற சொற்கள் எதையும் போடவில்லை. முடிவில் இரண்டு வரி சேர்த்தேன்.

'இதை என் கோப்பில் சேர்க்கவும். பதில் தேவையில்லை.'

பெரிய தெருத் தபால் ஆபீஸில் பதிவுத் தபாலில் அனுப்பினேன். சில வாரம் கழித்து ஒப்புதல் அட்டை திரும்பி வந்தது. அதில் யாருடையதோ ஒரு கையெழுத்து. வாங்கியிருக்கிறார்கள். படித்தார்களா என்று எனக்குத் தெரியாது. கிழித்துப் போட்டிருந்தாலும் வாங்கிய பிறகுதான் கிழித்திருக்க வேண்டும்.

நான் செங்கல் பையோடு நாற்காலியில் இருக்க, அண்ணி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுக்கு இன்னா அர்த்தம்?"

"நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன்னு அர்த்தம்."

"சரி. அப்ப கொஞ்சம் நகரு, பையை எறக்கறேன். ரொம்ப நேரமா தொங்கறே," என்றாள்.